மார்பகப் புற்றுநோயில் இணைநோய்களும் நோயெதிர்ப்பு உயிர்க்குறிப்பான்களும்

மார்பகப் புற்றுநோயின் நோயெதிர்ப்பு உயிர்க்குறிப்பான்கள் என்பன, நோயாளியின் குருதியிலோ கட்டியின் திசுவிலோ அளந்தறியப்பட்டு, உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி எந்நிலையில் உள்ளது என்பதைக் காட்டும் புரதங்கள், உயிரணு எண்ணிக்கைகள், விகிதங்கள் முதலியவை ஆகும். சி-எதிர்வினைப் புரதம், இன்டர்லியூக்கின்-6, நியூட்ரோபில்–நிணநீரணு விகிதம், கட்டிக்குள் ஊடுருவிய நிணநீரணுக்கள், பி.டி-எல்1 புரதம் ஆகியவை இவற்றுள் பெரிதும் ஆராயப்பட்டவை. நோயின் போக்கை முன்கணிக்கவும், சில வேளைகளில் மருந்தைத் தெரிவு செய்யவும் இவை பயன்படுகின்றன.

இவற்றுள் குருதியில் அளக்கப்படும் எந்தக் குறிப்பானும் புற்றுநோய்க்கு மட்டுமே உரியது அன்று. அவை கட்டியை நேரடியாக அளப்பதில்லை. உடல் காட்டும் எதிர்வினையையே அளக்கின்றன. அதே எதிர்வினையை நீரிழிவு, உடற்பருமன், மாரடைப்பு, முடக்குவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, நாட்பட்ட தொற்று ஆகியனவும் தோற்றுவிக்கும். மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் நடுவயதிலும் முதுமையிலும் கண்டறியப்படுவதால், நோயாளிகளுள் பலருக்கு இத்தகைய நோய் ஒன்றோ பலவோ ஏற்கெனவே இருக்கும். ஆகவே ஓர் ஆய்வக அறிக்கையில் காணப்படும் எண்ணில் எந்தப் பங்கு கட்டியினுடையது, எந்தப் பங்கு உடனிருக்கும் நோயினுடையது என்ற கேள்வி எழுகிறது. இதற்குப் பிழையான விடை கண்டால், நலமாக உள்ள ஒருவருக்கு நோய் திரும்பிவிட்டதாக அச்சம் உண்டாகலாம். அல்லது உண்மையான எச்சரிக்கை ஒன்று "அது சர்க்கரையினால் வந்தது" என்று ஒதுக்கப்படலாம்.

இணைநோய் என்னும் கருத்து

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஒரு நோயுடன் அதே நோயாளியிடம் கூடவே இருக்கும் வேறொரு நோய் இணைநோய் எனப்படும். இக்கருத்துக்குத் தனிப்பெயர் சூட்டி மருத்துவ ஆய்வில் நிலைபெறச் செய்தவர் அமெரிக்க மருத்துவரான ஆல்வன் பைன்சுடீன். 1970 ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில், இணைநோய்களைக் கணக்கில் கொள்ளாமல் இரு சிகிச்சைகளை ஒப்பிடுவது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்று அவர் காட்டினார்.

1987 இல் மேரி சார்ல்சனும் அவர்தம் குழுவினரும் இணைநோய்களுக்கு மதிப்பெண் வழங்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். சார்ல்சன் இணைநோய்ச் சுட்டெண் எனப்படும் இது இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிக்கல்கள் அற்ற நீரிழிவு ஆகியவற்றிற்குத் தலா 1 மதிப்பெண்ணும், மிதமான அல்லது கடுமையான சிறுநீரக நோய்க்கு 2 மதிப்பெண்ணும் இதில் அளிக்கப்பட்டன. இச்சுட்டெண் பொது மருத்துவ நோயாளிகளிடம் உருவாக்கப்பட்ட பின், அது சரியாகக் கணிக்கிறதா என்பது 685 மார்பகப் புற்றுநோயாளிகளின் தரவுகளைக் கொண்டே சோதிக்கப்பட்டது. இணைநோய் பற்றிய அளவியலும் மார்பகப் புற்றுநோயும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை எனலாம்.

1994 இல் வில்லியம் சட்டாரியானோ, டேவிட் ராக்லன்ட் ஆகியோர் டெட்ராயிட் பகுதியைச் சேர்ந்த 936 பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். தெரிவு செய்யப்பட்ட ஏழு இணைநோய்களுள் மூன்றோ அதற்கு மேலோ உள்ளவர்கள், அவை எதுவும் இல்லாதவர்களைக் காட்டிலும் மார்பகப் புற்றுநோய் அல்லாத காரணங்களால் மூன்றாண்டுகளுக்குள் இறக்கும் வீதம் 20 மடங்காக இருந்தது. ஆனால் இத்தகைய மதிப்பெண் முறைகள் நோய்களை எண்ணுகின்றனவே அன்றி, அந்நோய்கள் நோயெதிர்ப்புத் தொகுதியில் என்ன செய்கின்றன என்பதைச் சொல்வதில்லை. சார்ல்சன் முறையில் மாரடைப்பும் நீரிழிவும் ஒரே மதிப்பெண் பெறுகின்றன. குருதியில் அவை விட்டுச்செல்லும் தடங்களோ வெவ்வேறு.

அளக்கப்படும் குறிப்பான்கள்

சி-எதிர்வினைப் புரதம் 1930 ஆம் ஆண்டு ராக்பெல்லர் கழகத்தில் வில்லியம் டில்லட், தாமசு பிரான்சிசு ஆகியோரால் நிமோனியா நோயாளிகளின் குருதியில் கண்டறியப்பட்டது. நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவின் 'சி' எனப் பெயரிடப்பட்ட கூட்டுச்சர்க்கரையுடன் இது வினைபுரிந்தமையால் இப்பெயர் பெற்றது. கல்லீரலே இதனை உருவாக்குகிறது. அழற்சி ஏற்பட்ட இடத்திலுள்ள உயிரணுக்கள் இன்டர்லியூக்கின்-6 என்னும் சைட்டோகைனை வெளியிடுகின்றன. அது குருதி வழியே கல்லீரலை அடைந்து இப்புரதத்தை உருவாக்கத் தூண்டுகிறது. அழற்சி தோன்றிய சில மணி நேரத்தில் அளவு உயரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாள்களில் உச்சத்தை எட்டும். குருதியில் இதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 19 மணி நேரம் ஆகும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவு பொதுவாகத் தொற்று, காயம் போன்ற உடனடி அழற்சியைக் குறிக்கும். 3 முதல் 10 வரையான அளவு நாட்பட்ட மென்னழற்சியில் காணப்படும். மார்பகப் புற்றுநோயாளிகளின் அளவுகள் பெரும்பாலும் இந்தப் பிந்திய எல்லைக்குள்தான் ஏறி இறங்குகின்றன. உடற்பருமனும் நீரிழிவும் நகர்த்துவதும் இதே எல்லைக்குள்தான் என்பதே சிக்கலின் மூலம்.

நியூட்ரோபில்–நிணநீரணு விகிதம் மிக எளியது. வழக்கமான குருதியணு எண்ணிக்கைச் சோதனையில் கிடைக்கும் இரண்டு எண்களை வகுத்தால் போதும். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 4,200 நியூட்ரோபில்களும் 2,100 நிணநீரணுக்களும் இருப்பின் விகிதம் 2 ஆகும். தொற்றோ மனவழுத்தமோ ஏற்படும்போது நியூட்ரோபில்கள் பெருகி நிணநீரணுக்கள் குறையும். அவை முறையே 7,500, 1,500 ஆனால் விகிதம் 5 ஆகிவிடும். தொகுதியும் பகுதியும் எதிரெதிர்த் திசைகளில் நகர்வதால் இவ்விகிதம் மிக விரைவாக மாறக்கூடியது. அதன் பயனும் குறையும் இதுவே. 15 ஆய்வுகளைச் சேர்ந்த 8,563 நோயாளிகளைத் தொகுத்து 2017 இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், உயர் விகிதம் கொண்டவர்களின் இறப்பு வீதம் மற்றவர்களைவிட 2.56 மடங்காக இருந்தது.

கட்டிக்குள் ஊடுருவிய நிணநீரணுக்கள் குருதியில் அல்லாது, வெட்டியெடுத்த திசுவில் நுண்ணோக்கி வழியே எண்ணப்படுகின்றன. கட்டிகளுக்குள் வெண்குருதியணுக்கள் இருப்பதை 1863 இலேயே ருடால்ப் விர்ச்சோ குறிப்பிட்டிருந்தார். மும்மை எதிர் வகை, ஹெர்2 நேர் வகை ஆகிய மார்பகப் புற்றுநோய்களில் இவை மிகுந்திருப்பது நல்ல அறிகுறி. பி.டி-எல்1 என்பது டி நிணநீரணுக்களைச் செயலிழக்கச் செய்யும் 'தடுப்பு விசை' போன்ற புரதம். முன்னரே பரவிய மும்மை எதிர் வகையில் பெம்புரோலிசுமாப் மருந்தை யாருக்கு அளிப்பது என்பதை முடிவு செய்ய இது அளக்கப்படுகிறது. இவ்விரு திசுக் குறிப்பான்களும் குருதிக் குறிப்பான்களைவிட உடலின் பொதுநிலையால் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன. ஆயினும் முற்றாக விலகி நிற்பவை அல்ல.

இணைநோய்கள் குறிப்பான்களை மாற்றும் விதம்

உடற்பருமன்

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1993 இல் கோகான் ஓத்தாமிசுலிகில், புரூசு சுபீகல்மன் ஆகியோர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, கட்டிச்சிதைவுக் காரணி-ஆல்பா என்னும் அழற்சிச் சைட்டோகைனை வெளியிடுவதைக் காட்டியபின் அந்நிலை மாறியது. ஓய்வில் இருக்கும் ஒருவரின் குருதியிலுள்ள இன்டர்லியூக்கின்-6 இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலிருந்து வருவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. இது கல்லீரலைத் தூண்டுவதால், புற்றுநோய் எதுவும் இல்லாத பருத்த உடலினரிடமும் சி-எதிர்வினைப் புரதம் உயர்ந்திருக்கும்.

மார்பகம் பெருமளவு கொழுப்புத் திசுவால் ஆனது என்பதால், இங்கு உடற்பருமன் தொலைவிலிருந்து மட்டும் செயல்படுவதில்லை. அளவுக்கு மீறிப் பெருத்த கொழுப்பு உயிரணுக்கள் மடியும்போது, அவற்றை அகற்ற வரும் பெருவிழுங்கிகள் அவற்றைச் சுற்றி வளையமாக அமைகின்றன. நுண்ணோக்கியில் மகுடம் போல் தோன்றுவதால் இவை மகுட வடிவ அமைப்புகள் எனப்படுகின்றன. 2011 இல் பேட்ரிக் மோரிசு, ஆண்ட்ரூ டானன்பெர்க் முதலியோர் பருத்த பெண்களின் மார்பகத் திசுவில் இவ்வமைப்புகள் மிகுந்திருப்பதை வெளியிட்டனர். இவை உள்ள இடத்தில் அரோமட்டேசு என்னும் நொதியின் செயல்பாடும் மிகுந்திருந்தது. அரோமட்டேசு எஸ்ட்ரோஜனை உருவாக்கும் நொதி. மாதவிடாய் நின்ற பின் எஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. எனவே எஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் கட்டிக்கு, இந்த அழற்சியே உரமிடுகிறது.

இதனால், உடற்பருமனால் உயர்ந்த சி-எதிர்வினைப் புரதத்தை 'பொய்யான' உயர்வு என்று கழித்துவிடவும் இயலாது. அது கட்டியிலிருந்து வந்தது அன்று என்பது உண்மை. கட்டிக்குத் தொடர்பற்றது என்பது உண்மை அன்று.

எடை மட்டுமே அளவுகோல் ஆகாது என்பதும் குறிப்பிடத்தக்கது. உடற் திணிவுச் சுட்டெண் 25 ஐ விடக் குறைவாக உள்ள பெண்கள் சிலரிடமும் மகுட வடிவ அமைப்புகள் காணப்பட்டுள்ளன. தெற்காசியர்களிடம் குறைந்த சுட்டெண்ணிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் தோன்றுவதால், உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004 இல் ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய கூடுதல் எல்லைகளைப் பரிந்துரைத்தது. ஐரோப்பியருக்கு வகுத்த எல்லைகளைக் கொண்டு மட்டும் 'உடற்பருமன் அற்றவர்' என ஒரு தமிழ்ப் பெண்ணை வகைப்படுத்தினால், அவரிடம் காணப்படும் அழற்சிக் குறிப்பான் உயர்வு முழுவதையும் புற்றுநோயின் கணக்கில் எழுத நேரிடலாம்.

நீரிழிவு

இரண்டாம் வகை நீரிழிவு உடற்பருமனுடன் இணைந்தே வருவதால் இரண்டின் விளைவுகளைப் பிரித்தறிவது கடினம். ஆயினும் வரிசை முறையைக் காட்டும் சான்று ஒன்று உண்டு. பெண்கள் உடல்நல ஆய்வு எனப்படும் அமெரிக்க ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2001 இல் அருணா பிரதான் முதலியோர் வெளியிட்ட கட்டுரை, நீரிழிவு தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இன்டர்லியூக்கின்-6, சி-எதிர்வினைப் புரதம் ஆகியவை உயர்ந்திருந்ததைக் காட்டியது. அதாவது, நீரிழிவு இன்னும் கண்டறியப்படாத ஒரு மார்பகப் புற்றுநோயாளியிடமும் அதன் அழற்சித் தடம் குருதியில் இருக்கக்கூடும். மருத்துவ ஆவணத்தில் 'இணைநோய் இல்லை' என எழுதப்பட்டிருப்பது மட்டும் போதிய சான்று ஆகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நீரிழிவு நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் ஈறு நோய், கால் புண், சிறுநீர்த் தொற்று ஆகியவை இக்குறிப்பான்களை மேலும் உயர்த்துகின்றன.

இதய நோய்

மாரடைப்புக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் இடையிலான தொடர்பு 2020 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேத்ரின் மூர் குழுவினர் வெளியிட்ட ஆய்வால் புதிய வடிவம் பெற்றது. மார்பகக் கட்டி உள்ள எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கியபோது கட்டிகள் விரைந்து வளர்ந்தன. எலும்பு மச்சையிலேயே ஒற்றையணுக்கள் மாற்றியமைக்கப்பட்டு, நோயெதிர்ப்பை அடக்கும் இயல்புடன் குருதிக்கு வந்து கட்டியைச் சேர்ந்தன. அவற்றை நீக்கியபோது கட்டியின் கூடுதல் வளர்ச்சி நின்றது. அதே கட்டுரையில் ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயாளிகளின் தரவுகளும் ஆராயப்பட்டன. நோய் கண்டறியப்பட்ட பின் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதயக் குருதிக்குழாய் நிகழ்வுக்கு ஆளானவர்களிடம் புற்றுநோய் திரும்பும் வீதம் 59 விழுக்காடும், புற்றுநோயால் இறக்கும் வீதம் 60 விழுக்காடும் மிகுந்திருந்தன. இங்கு இணைநோய் குறிப்பானை மட்டும் மாற்றவில்லை. நோயெதிர்ப்புத் தொகுதி வழியே புற்றுநோயின் போக்கையே மாற்றுகிறது.

தன்னுடல் தாக்குநோய்கள்

முடக்குவாதத்தில் இன்டர்லியூக்கின்-6 உம் சி-எதிர்வினைப் புரதமும் வெகுவாக உயரும். செம்முருடு எனப்படும் லூப்பசு நோயில் நிலை தலைகீழாக இருக்கக்கூடும். நோய் தீவிரமாக இருக்கும்போதும் சி-எதிர்வினைப் புரதம் பெரிதும் உயர்வதில்லை. அந்நோயில் மிகும் இன்டர்பெரான்-ஆல்பா, கல்லீரல் இப்புரதத்தை உருவாக்குவதைத் தடுப்பது இதற்கு ஒரு காரணம். லூப்பசில் நிணநீரணுக்களும் குறைவதால், ஒரே நோயாளியிடம் சி-எதிர்வினைப் புரதம் 'நன்று' என்றும் நியூட்ரோபில்–நிணநீரணு விகிதம் 'தீது' என்றும் சொல்லக்கூடும்.

மருந்துகள் இக்குழப்பத்தை மேலும் கூட்டுகின்றன. முடக்குவாதத்துக்குத் தரப்படும் டோசிலிசுமாப், இன்டர்லியூக்கின்-6 இன் ஏற்பியை அடைத்துவிடுகிறது. கல்லீரலுக்குச் செய்தி சென்றடையாததால் சி-எதிர்வினைப் புரதம் மிகத் தாழ்கிறது. ஆனால் ஏற்பிகள் வழியே அகற்றப்பட வேண்டிய இன்டர்லியூக்கின்-6 குருதியிலேயே தங்கி உயர்கிறது. ஒரே பாதையின் இரு முனைகளில் உள்ள குறிப்பான்கள் எதிரெதிர்த் திசைகளைக் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. மெத்தோட்ரெக்சேட்டு மற்றொரு விந்தை. இன்று முடக்குவாதத்தின் அடிப்படை மருந்தாக உள்ள இதுவே, 1970களில் மிலானில் ஜியானி பொனதோன்னா மார்பகப் புற்றுநோய்க்கு அறிமுகப்படுத்திய மும்மருந்துக் கூட்டிலும் ஓர் உறுப்பாக இருந்தது.

தொற்றுகளும் சிறுநீரக நோயும்

எச்.ஐ.வி. தொற்று சி.டி.4 வகை டி நிணநீரணுக்களை அழிப்பதால் நியூட்ரோபில்–நிணநீரணு விகிதத்தின் பகுதியைக் குறைக்கிறது. இத்தொற்றுக்கான பழைய மருந்துகளுள் ஒன்றான சிடோவுடின் நியூட்ரோபில்களையும் குறைக்கவல்லது. அப்போது தொகுதியும் குறைந்து, விகிதம் இயல்பாக இருப்பது போன்ற தோற்றம் ஏற்படும். மார்பகப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் ஒருங்கே காணப்படும் தென்னாப்பிரிக்கா, போட்சுவானா போன்ற நாடுகளில் விகிதத்தை மட்டும் பாராமல் இரு எண்ணிக்கைகளையும் தனித்தனியே பார்ப்பது இன்றியமையாதது. குடற்புழுத் தொற்றுகள் ஈசினோபில்களையும் இ வகைப் பிறபொருளெதிரியையும் உயர்த்துகின்றன. நாட்பட்ட சிறுநீரக நோயில் சைட்டோகைன்கள் வெளியேற்றப்படுவது குறைவதால் அவை குருதியில் தேங்குகின்றன, நிணநீரணுக்களும் குறைகின்றன.

சி-எதிர்வினைப் புரதத்தையும் ஆல்புமினையும் இணைத்துக் கணக்கிடும் கிளாசுகோ முன்கணிப்பு மதிப்பெண் பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். சி-எதிர்வினைப் புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும், ஆல்புமின் 35 கிராமுக்குக் கீழும் இருந்தால் 2 என்னும் மோசமான மதிப்பெண் கிடைக்கும். கல்லீரல் இழைநார் வளர்ச்சியிலும் சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோயிலும் ஆல்புமின் தானே குறையும் என்பதால், அந்நோயாளிகளுக்குச் சிறு தொற்று ஒன்றே இம்மதிப்பெண்ணைப் பெற்றுத் தந்துவிடும்.

கட்டிக்குள் நிகழ்வன

திசுக் குறிப்பான்களில் இணைநோய்களின் தாக்கம் நுட்பமானது. உடற்பருமன் உள்ளவர்களின் கொழுப்பிலிருந்து மிகுதியாகச் சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர், டி நிணநீரணுக்களின் மேற்பரப்பில் பி.டி-1 ஏற்பியை மிகுவிக்கிறது என 2019 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பி.டி-1 மிகுந்த டி நிணநீரணுக்கள் சோர்வுற்றவை; கட்டியை எதிர்ப்பதில் பின்தங்குபவை. ஆனால் பி.டி-1 ஐத் தடுக்கும் மருந்து தரப்பட்டபோது, அடைப்பு நீங்கி அவை முனைப்புடன் செயல்பட்டன. ஒரே இணைநோய், ஒரே பாதை வழியே, நோயின் வளர்ச்சிக்குத் துணைபோவதோடு மருந்தின் பயனையும் கூட்டக்கூடும் என்பது இதன் பொருள்.

ஊடுருவிய நிணநீரணுக்களின் பொருளும் கட்டியின் வகையைப் பொறுத்தது. கார்சுடென் டெங்கெர்ட் முதலியோர் 3,771 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2018 இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மும்மை எதிர் வகையில் இவை மிகுந்தவர்கள் நெடுநாள் வாழ்ந்தனர்; இயக்குநீர் சார்ந்த, ஹெர்2 எதிர் வகையில் இவை மிகுந்தவர்களின் வாழ்நாள் குறைந்திருந்தது. எனவே 'இணைநோய் நிணநீரணுக்களைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா' என்ற கேள்விக்கு முன், கட்டி எவ்வகை என்ற கேள்விக்கு விடை தேவைப்படுகிறது.

குறிப்பானும் காரணமும்

ஒரு குறிப்பான் உயர்ந்திருப்பதாலேயே அது நோய்க்குக் காரணம் ஆகாது. கோபன்கேகனில் நடந்து 2010 இல் வெளியான ஆய்வில், பிறவியிலேயே சி-எதிர்வினைப் புரதத்தைக் கூட்டும் மரபணு வேறுபாடுகள் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் மிகுதியாக வருவதில்லை எனக் கண்டறியப்பட்டது. இப்புரதம் புகை போன்றது; நெருப்பு வேறிடத்தில் உள்ளது.

இதன் நடைமுறை விளைவை எம்.ஏ.32 என்னும் மருத்துவ ஆய்வு காட்டியது. நீரிழிவு மருந்தான மெட்பார்மினை உட்கொள்ளும் நோயாளிகளிடம் மார்பகப் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டதால், அம்மருந்தைப் புற்றுநோய்க்கே பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கை 2000களில் வளர்ந்தது. பமேலா குட்வின் தலைமையில், நீரிழிவு இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு மெட்பார்மினோ வெற்று மாத்திரையோ அளிக்கப்பட்டது. ஆறு மாத முடிவில் மெட்பார்மின் பெற்றவர்களின் எடை, இன்சுலின், லெப்டின், சி-எதிர்வினைப் புரதம் ஆகிய அனைத்தும் குறைந்திருந்தன. குறிப்பான்கள் எல்லாம் விரும்பிய திசையில் நகர்ந்தன. ஆனால் 2022 இல் வெளியான இறுதி முடிவில், ஆய்வின் முதன்மைக் குழுவான இயக்குநீர் ஏற்பி உள்ள நோயாளிகளிடம் புற்றுநோய் திரும்புவதில் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு ஏதும் இல்லை.

ஆய்வுகளில் கணக்கிடும் முறை

இணைநோய்களைக் கணக்கில் கொள்ள ஆய்வாளர்கள் பொதுவாகப் புள்ளியியல் சரிக்கட்டலைக் கையாள்கின்றனர். 2009 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 734 பெண்களிடம், நோய் கண்டறியப்பட்டுச் சுமார் 31 மாதங்களுக்குப் பின் சி-எதிர்வினைப் புரதமும் அமிலாய்டு ஏ புரதமும் அளக்கப்பட்டன. வயது, நோயின் நிலை, இனம், உடற் திணிவுச் சுட்டெண் ஆகியவற்றிற்குச் சரிக்கட்டிய பின்னரும், சி-எதிர்வினைப் புரதம் மிகுந்த மூன்றில் ஒரு பகுதியினரின் இறப்பு வீதம் குறைந்த மூன்றில் ஒரு பகுதியினரைக் காட்டிலும் 2.27 மடங்காகவும், அமிலாய்டு ஏ புரதத்திற்கு 3.15 மடங்காகவும் இருந்தது. ஆக, இணைநோய்கள் குழப்புகின்றன என்பதற்காகக் குறிப்பான்களை முற்றிலும் புறக்கணிக்கவும் வழியில்லை.

இங்கு ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. உடற்பருமன் அழற்சியைத் தூண்டி, அழற்சி புற்றுநோயை வளர்க்கிறது எனில், அழற்சி என்பது அப்பாதையில் அமைந்த ஓர் இடைநிலையம். உடற்பருமனின் விளைவை அறிய விரும்பும் ஆய்வாளர் அழற்சிக்குச் சரிக்கட்டினால், தாம் தேடும் விளைவையே அழித்துவிடுவார். மாறாக, கட்டிக்குத் தொடர்பற்ற ஓர் ஈறு நோயால் உயர்ந்த அழற்சிக்குச் சரிக்கட்டாவிட்டால், இல்லாத விளைவைக் கண்டதாக எண்ணுவார். எதற்குச் சரிக்கட்டுவது என்பதைக் கணிப்பொறி முடிவு செய்ய இயலாது. நோய்களின் இயங்குமுறை பற்றிய அறிவே முடிவு செய்ய வேண்டும்.

இறப்புக்கான காரணமும் பிரித்தறியப்பட வேண்டும். உயர் நியூட்ரோபில்–நிணநீரணு விகிதம் உள்ள ஒருவர் இறக்கும்போது, அது புற்றுநோயாலா இதய நோயாலா என்பதைப் பாராமல் மொத்த இறப்பை மட்டும் கணக்கிடும் ஆய்வுகள், அவ்விகிதம் புற்றுநோயை முன்கணிப்பதாக மிகைப்படக் கூறிவிடும். நோயல்லாத வேறுபாடுகளும் உண்டு. ஆப்பிரிக்க வழிவந்தோர் பலரிடம் காணப்படும் தஃபி எனப்படும் மரபணு வேறுபாட்டால் நியூட்ரோபில்கள் இயல்பாகவே குறைந்திருக்கும். ஆகவே ஒரு நாட்டில் வகுத்த விகித எல்லையை மற்றொரு நாட்டில் அப்படியே பொருத்த முடியாது.

மருத்துவப் பயன்பாடு

குருதியில் அளக்கப்படும் அழற்சிக் குறிப்பான்கள் மார்பகப் புற்றுநோயின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் வழக்கமான சோதனைகளாக ஏற்கப்படவில்லை. இருப்பினும் வேறு காரணங்களுக்காக எடுக்கப்படும் சோதனைகளில் இவ்வெண்கள் இடம்பெறுவதால், நோயாளிகளும் உறவினர்களும் அவற்றைப் பார்த்து அச்சமடைவது உண்டு. தனித்த ஓர் அளவைவிட, சில வார இடைவெளியில் எடுக்கப்பட்ட பல அளவுகளின் போக்கே பொருளுடையது. அறுவை சிகிச்சையே சி-எதிர்வினைப் புரதத்தைப் பல நாள்களுக்கு உயர்த்தும். வேதிச்சிகிச்சைக்கு முன் வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் நியூட்ரோபில்களை மிகுவித்து நிணநீரணுக்களைக் குறைக்கும். பில்கிராசுடிம் ஊசி நியூட்ரோபில்களைப் பல மடங்கு பெருக்கும். அந்நாள்களில் எடுத்த குருதியில் கணக்கிடப்படும் விகிதம் மருந்தையே காட்டுகிறது, நோயை அன்று. கொழுப்பைக் குறைக்கும் சுடாட்டின் மருந்துகளும் தம் பங்குக்குச் சி-எதிர்வினைப் புரதத்தைத் தாழ்த்துகின்றன. 2008 இல் வெளியான ஜூப்பிட்டர் ஆய்வில் ரோசுவாசுடாட்டின் அதனை 37 விழுக்காடு குறைத்தது.

நோயெதிர்ப்புச் சிகிச்சையில் இணைநோய்களின் இடம் இன்னும் கூர்மையானது. பெம்புரோலிசுமாப் மருந்தை மும்மை எதிர் வகை மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்கச் செய்த ஆய்வுகளில், அண்மையில் சிகிச்சை தேவைப்பட்ட தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. தடுப்பு விசையை நீக்கும் மருந்து, முன்பே தன் உடலைத் தாக்கிக்கொண்டிருக்கும் நோயெதிர்ப்பை மேலும் தூண்டிவிடும் என்ற அச்சமே காரணம். விலக்கு நியாயமானதே. ஆனால் பி.டி-எல்1 அளவுக்கு வகுக்கப்பட்ட 10 என்னும் ஒருங்கிணைந்த மதிப்பெண் எல்லை, இத்தகைய நோயாளிகள் இல்லாத தொகுதியிலிருந்தே பெறப்பட்டது. முடக்குவாதமோ லூப்பசோ உள்ள ஒரு பெண்ணுக்கு அந்த எல்லையைப் பொருத்தும் மருத்துவர், அவரைப் போன்ற எவரிடமும் சோதிக்கப்படாத ஓர் எண்ணையே பயன்படுத்துகிறார்.

இந்நிலையை மாற்றும் முயற்சிகள் நடந்து வருகின்றன. 2017 இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களையும் சிறுநீரக, இதய, கல்லீரல் செயல்பாடு ஓரளவு குறைந்தவர்களையும் காரணமின்றி விலக்கக் கூடாது எனப் பரிந்துரைத்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 இல் இதற்கிணங்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பொறுத்தவரை அவ்வழிகாட்டுதல், தொற்று இருப்பதை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல் சி.டி.4 எண்ணிக்கை போன்ற அளவுகளைக் கொண்டு தகுதியை முடிவு செய்யச் சொல்கிறது.